ஓர் ஆணிக்காகப் போட்ட செட்

போர்டு எழுதுவதுதான் என் தொழில். குன்னூரில் ஃபிளெக்ஸ் வந்ததும் கடைப்பலகை எழுத ஆள் தேடுவது நின்றுபோனது. அப்புறம் பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் திருவிழா நாடகம் என்று செட் போடக் கிளம்பினேன். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பாட்டு உள்ள நாடகத்துக்கு, கதாபாத்திரத்தின் மனசு மாறுவது மேடையிலும் தெரிகிற மாதிரி செட் போடுவது எப்படி என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். பொதுவாகச் சொன்னால் ஒன்றும் ஒட்டாது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் போட்ட ஒரு நாடகத்தை வைத்தே சொல்கிறேன்.

அந்தக் குழுவை நடத்தும் பெண் ஒரு பேப்பரில் படம் போட்டுக் கொண்டுவந்தாள். "அண்ணா, ஒரு லயத்து வீடு. பின்னால தேயிலை மலை. அவ்வளவுதான்." (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.)

"வீடு சரி தங்கச்சி. அந்த வீடு அவளுக்குப் பிடிச்சிருக்கா?"

சிரித்தாள். "முதல்ல பிடிக்காது."

"எப்போ பிடிக்கும்?"

அதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். "நாலாவது பாட்டுல."

செட்டுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். 'காட்சி எங்கே நடக்கிறது?' என்று கேட்டால் கிடைப்பது வீடு, தெரு, காடு. 'அந்த இடத்தை அவள் என்னவென்று நினைக்கிறாள், எந்தப் பாட்டில் அது மாறுகிறது?' என்று கேட்டால்தான் எதை அசைக்க வேண்டும் என்பது தெரியும். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். காடு, தெரு, அரண்மனை, தோட்டம் என்று நாலு திரை இருந்தால் எந்தக் கதையையும் ஓட்டிவிடலாம் என்பார். உண்மைதான். மனசை எல்லாம் பாட்டே தூக்கிச் சுமந்த காலம் அது. ஆனாலும் வள்ளி திருமணத்தை யோசித்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் இன்றும் ஆடப்படும் கதை. வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். அந்த உயரத்தில் அவளுக்கு யாரும் வேண்டாம், யாரைப் பார்த்தும் பயமில்லை. யானை வந்து மிரட்டும்போது அவள் தரையில் இருக்கிறாள், பக்கத்தில் கிழவர் வேடத்தில் முருகன். பரண் என்ற ஒரே சாமானில் அவள் மனசு மேலேயிருந்து கீழே இறங்கிவிடுகிறது.

இனி நம் நாடகம். கதாநாயகி பெயர் பாக்கியம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள் இல்லையா, அதன்படி இலங்கைத் தேயிலை மலையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். பாக்கியம் பன்னிரண்டு வயசில் ஒரு தகரப் பெட்டியோடு வருகிறாள். பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறாள்; திரும்பிப் போகத்தானே போகிறோம்! முதல் பாட்டு அது. இரண்டாவது, கொழுந்து பறிக்கும் பாட்டும் கல்யாணமும். மூன்றாவது, மழையில் மண்சரிவு. நாலாவதில் அவள் சுவரில் ஓர் ஆணி அடித்து ஒரு காலண்டரை மாட்டுகிறாள். ஐந்தாவதில் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கக் கிளம்புகிறாள், அதே பெட்டியோடு.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

பாட்டுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் மேலே 'பாட்டு தொடங்கும்போது அவளுக்கு என்ன வேண்டும்', கீழே 'முடியும்போது என்ன வேண்டும்' என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்தப் பாட்டில் செட்டைத் தொடாதீர்கள். எங்கள் இரண்டாவது பாட்டு அப்படித்தான். கேட்க இனிமையான பாட்டு, ஆனால் அவள் மனசு நகரவில்லை. அந்தப் பாட்டில் கொழுந்துக் கூடைகள் வந்தன, போயின, அவ்வளவுதான். வலது பக்கம் மேடையில் இருக்கும் சாமான்களை எழுதி, எதை அவள் கையால் தொடுகிறாள் என்று மட்டும் வட்டம் போடுங்கள். மேடையில் ஒன்று மாறினால் அதை மாற்றுகிறவள் அவளாக இருப்பது நல்லது. கறுப்புச் சட்டைப் பையன்கள் இருட்டில் ஓடிவந்து மாற்றினால் அது வெறும் சாமான் தூக்கும் வேலை.

ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர் வெளிநாட்டு மேடைகளின் படங்களைக் காட்டினார். லண்டனில் 1985இல் மேடையேறிய 'லே மிசராப்ள' நாடகத்துக்கு ஜான் நேப்பியர் என்பவர் சுழலும் மேடை போட்டிருக்கிறார். ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், தரை சுற்றும், வருஷங்கள் கடக்கும். நியூயார்க்கின் 'ஹாமில்டன்' நாடகத்தில் (2015) டேவிட் கோரின்ஸ் போட்ட செட் முழுக்கச் செங்கல்லும் மரச்சாரமும். கட்டி முடிக்காத நாட்டைப் போல. இடைவேளை முடிந்து பார்த்தால் சுவர் உயர்ந்திருக்கும். சுழல்மேடைக்கு நம்மிடம் காசு இல்லை. ஆனால் சுவர் உயர்ந்த விஷயம் எனக்குப் பிடித்தது. யாரும் அறிவிப்பதில்லை, பாதிப்பேர் கவனிப்பதும் இல்லை, ஆனால் உடம்புக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் நான் கீல் வைத்துச் செய்தேன்.

கீல் வைத்த வீடு

எங்கள் மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். வீட்டின் இரண்டு பக்கச் சுவரையும் 8 அடிக்கு 4 அடித் தட்டிகளாகச் செய்தோம்: ரீப்பர் சட்டம், மேலே காடா துணி. முதல் பாட்டில் இரண்டு சுவரும் உள்ளே சாய்ந்து நிற்கும், முன்பக்கம் வீட்டின் அகலம் 10 அடிதான். ஐந்து பேர் நின்றால் தோளோடு தோள் உரசும். லயத்துக் காம்பராவின் நெருக்கம் அதுதான். (இலங்கையிலிருந்து வந்த பெரியவர்கள் அறையைக் காம்பரா என்றும் முன்திண்ணையை இஸ்தோப்பு என்றும் இன்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களை வசனத்தில் விடாதீர்கள் என்று மன்றாடினேன்.) நாலாவது பாட்டில் கொழுந்துக்காரப் பெண்கள் இரண்டு பேர் பாடிக்கொண்டே சுவரில் சாய்வது போல ஆளுக்கு 2 அடி தள்ளுவார்கள். 10 அடி வீடு 14 அடி ஆகிவிடும்.

இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று. ஒத்திகையில் கீல் கிறீச்சிட்டது. பழக்கதோஷத்தில் தேங்காய் எண்ணெய் விட்டேன். மார்கழி ராத்திரிக் குளிரில் அது வெண்ணெய் மாதிரி உறைந்து கீல் அசையவே மறுத்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், நம் ஊரில் அதைக் கேட்கவா வேண்டும்! தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

சுவர் நகர்வதற்கு நேரக் கணக்கும் உண்டு. பாட்டு ஆதி தாளம், ஒரு சுற்றுக்கு (ஆவர்த்தனம்) எட்டு அட்சரம். விநாடிக்கு ஓர் அட்சரம் என்று போனால் இரண்டு ஆவர்த்தனம் 16 விநாடி. பெண்கள் சுவரைத் தள்ள 9 விநாடி ஆனது. அதனால் முதல் ஆவர்த்தனம் முழுக்கச் சாய்வது மட்டும், இரண்டாவதில் நகர்வது என்று வைத்தோம். ஒரு விநாடி மிஞ்சும், ஆனால் ஹார்மோனியக்காரர் இழுத்துக் காப்பாற்றிவிடுவார். செட் மாற்றத்தை ஹார்மோனியக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் கோபித்துக்கொண்டால் செட் அம்போ.

ஆணி

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இது.

பத்து வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் அவள் ஆணி அடிக்கவே இல்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிப்போம் இல்லையா, அவளுக்கு ஊரே வாடகை. துணியைக் கொடியில் போடுவாள், சாமி படத்தைத் தரையில் சாய்த்து வைப்பாள். மூன்று பாட்டு வரைக்கும் சுவர் மொட்டையாக இருக்க வேண்டும். இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஆளாளுக்கு வந்து 'வெறுமையா இருக்கே அண்ணே, ஒரு கண்ணாடி மாட்டலாமே' என்பார்கள். ஒருவர் எம்.ஜி.ஆர். படமே கொண்டுவந்துவிட்டார். மாட்ட விடவில்லை.

காடா துணித் தட்டியில் ஆணி இறங்காது. சுத்தியல் பட்டால் தப்பு மேளம் அடித்த மாதிரிச் சத்தம் வரும். அதனால் துணிக்குப் பின்னால் 4 அங்குலத்துக்கு 2 அங்குலத்தில் ஒரு குறுக்குக் கட்டை வேண்டும். கட்டையின் உயரத்தைப் பேப்பரில் தீர்மானிக்காதீர்கள். நடிக்கும் பெண்ணை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, கண்ணுக்கு ஒரு சாண் மேலே குறியுங்கள். அவள் எட்டி அடிக்க வேண்டும், ஆனால் முகம் மறையக் கூடாது. ஆசாரி அண்ணன் முதலில் கற்பூர மரத்துண்டை (யூகலிப்டஸ்) வைத்தார். மூன்று ஆணி வளைந்தது. "காஞ்ச கற்பூர மரம் இரும்புப்பா" என்று அவரே கழற்றி வீசிவிட்டு, சில்வர் ஓக் வைத்தார். மெத்தென்று ஆணியை வாங்கிக்கொண்டது. 3 அங்குல ஆணிக்கு முக்கால்வாசி ஆழம் முன்பே துளை போட்டு, அந்த இடத்தில் துணியில் பென்சிலால் ஒரு புள்ளி. பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அப்புறம் முட்டு. முதல் ஒத்திகையில் அவள் ஓங்கி ஒரு அடி போட்டாள். வீடே ஆடியது, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எந்தச் சுவரில் அவள் கை படுமோ அந்தச் சுவருக்குப் பின்னால் சாய்வாக இரண்டு முட்டுக் கொடுத்து, அடியில் ஆளுக்கொரு மணல் மூட்டை வையுங்கள். அந்தச் சுவர் நகரவும் வேண்டுமே என்பீர்கள். சரிதான். ஆணி விழுந்த பிறகு, பின்னால் ஒளிந்திருக்கும் பையன் மூட்டையை இழுத்துவிடுவான், முட்டு சுவரோடு சேர்ந்து நகரும். முதலில் ஆணி, பிறகுதான் சுவர் விரிவது. இந்த வரிசையை மாற்றினால் கதையே மாறிவிடும். வீடு பெரிசானதால் அவள் ஆணி அடிக்கவில்லை.

சத்தத்துக்கு டோலக்குக்காரத் தம்பி ஒரு யோசனை சொன்னான். அந்த மூன்று அடிக்கும் தான் கையை எடுத்துவிடுவதாக. பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது டோலக் நின்றுவிடும், சுத்தியல்தான் தாளம். டொக், டொக், மூன்றாவது அடி சரியாகச் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில். திரும்ப டோலக் எடுக்கும். நான் பதினெட்டு வருஷத்தில் எழுதிய எந்தத் திரையும் அந்த மூன்று டொக்குக்கு ஈடில்லை. அது என் யோசனை இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வலைச் சுவர்

பின்சுவரைக் கெட்டியாகச் செய்யவில்லை, கொசுவலைத் துணி. பருத்தி வலையாக வாங்குங்கள். வெள்ளை வலை விளக்கில் பளீரென்று கண்ணைக் குத்தும், அதனால் டஸ்ட் தேயிலையைக் கொதிக்கவிட்டு அந்த டிகாக்ஷனில் ஓர் இரவு ஊறப்போட்டோம். பழைய சுண்ணாம்புச் சுவர் நிறம் தானாக வந்துவிட்டது. அதன்மேல் மெல்லிசாகச் சாயம் பூசுங்கள். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் கண்கள் அடைத்துக்கொண்டு வலை வெறும் துணியாகிவிடும்.

வலைக்கு முன்னால் பக்கவாட்டிலிருந்து விளக்குப் போட்டு, பின்னால் இருட்டாக வைத்தால் நூல்மேல் வெளிச்சம் பட்டுக் கெட்டிச் சுவராகத் தெரியும். முன் விளக்கைக் குறைத்துப் பின்னால் விளக்குப் போட்டால் சுவர் கரைந்து, பின்னால் இருப்பது தெரியும். முன் விளக்கை நேராக அடிக்காதீர்கள், வலையைத் துளைத்துப் பின்பக்கத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் நாடகத்தில் வலைக்குப் பின்னால் பாக்கியம் விட்டுவந்த இலங்கை வீடு: ஒரு விளக்கு, ஒரு பாய், உட்கார்ந்திருக்கும் பாட்டி. முதல் பாட்டில் இரண்டு முறை தெரியும், மூன்றாவதில் ஒரே ஒரு முறை, அதுவும் மங்கலாக. கடைசிப் பாட்டிலும் போடலாமே அண்ணா என்று லைட்காரத் தம்பி ஆசைப்பட்டான். அழகாக இருந்திருக்கும். போடவில்லை. ஆணி அடித்தவளுக்கு எதற்கு?

தரை

சமவெளியில் பாய் விரித்து உட்கார்ந்து மேடையை அண்ணாந்து பார்ப்பார்கள், தரை தெரியாது. மலையில் அப்படி இல்லை. தோட்டத்து மைதானத்துக்கு மேலே சரிவில் படிப்படியாக உட்கார்ந்து கீழே பார்ப்பார்கள். அவர்களுக்குச் சுவரைவிடத் தரைதான் அதிகம் தெரியும். அதனால் தரைக்கும் ஒரு துணி எழுதுங்கள். நாங்கள் ரெட் ஆக்சைடுத் தரையை நடந்து நடந்து வெளுத்த மாதிரி எழுதினோம். தகரப் பெட்டி இருக்கும் மூலையில் மட்டும் பெட்டி அளவுக்கு ஒரு செவ்வகம், தேயாத சிவப்பு. நாடகம் தொடங்கும்போது அதன்மேல் ஒரு சாக்கு கிடக்கும், பெட்டியை அதன்மேல் வைப்பார்கள். முப்பது வருஷக் கதை முழுக்கப் பெட்டி நகரக் கூடாது. உட்காருவார்கள், அதன்மேல் குழந்தையைப் படுக்கவைப்பார்கள், பீடி சுற்றி வைப்பார்கள், நகர்த்த மட்டும் கூடாது. கடைசிப் பாட்டில் மகள் பெட்டியைத் தூக்குவாள், பாக்கியம் சாக்கை மடிப்பாள். அடியில் அந்தச் சிவப்பு.

இதை முதல் நாள் கெடுத்தது நான்தான். கடைசிக் காட்சிக்குச் சாயங்கால வெயில் வேண்டும் என்று விளக்குக்கு முன்னால் ஆரஞ்சு ஜெலட்டின் தாள் போடச் சொன்னேன். சிவப்பும் வெளுத்த காவியும் அந்த வெளிச்சத்தில் ஒன்றாகிவிட்டன. பெட்டி போனது, ஒன்றும் தெரியவில்லை, பாக்கியம் எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் நிறமில்லாத வெள்ளை விளக்கைப் பக்கத்திலிருந்து போட்டோம். எந்த நிறத்தையும் அது நிற்கப்போகும் விளக்கிலேயே பார்த்துவிடுங்கள். பச்சைத் தேயிலை மலை எழுதிய திரையில் சிவப்பு விளக்குப் போட்டால் மலை கறுத்துவிடும். பச்சைப் பெயிண்டிடம் திருப்பி அனுப்பச் சிவப்பு இல்லை. மண்சரிவுப் பாட்டுக்கு அதையே வேண்டுமென்று பயன்படுத்திக்கொண்டோம். இருந்த மலை கண்முன்னால் இல்லாமல் போனது, ஒரு விளக்குச் செலவில்.

இன்னும் சில

பனிமூட்டம் மேடைக்குள் வரும், சொல்லிக்கொண்டு வராது. அப்போது முன் விளக்கைக் கூட்டாதீர்கள். பர்லியார் ரோட்டில் மூட்டத்துக்குள் ஹைபீம் போட்ட டிரைவர் கதையாகிவிடும், எதிரே வெள்ளைச் சுவர்தான். முன்னால் குறைத்துப் பக்கத்தில் கூட்டுங்கள். புகை மெஷினுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஆறு மணிக்கு மேல் மலையே இலவசமாகத் தரும்.

நிஜத் தேயிலைச் செடியை வெட்டி வந்து வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டாம் நாள் வாடித் தொங்கும், தோட்டத்து ஆட்கள் முன்னால் அதைவிட அவமானம் இல்லை. எல்இடி திரையில் தேயிலை மலை காட்டலாம் என்பார்கள். பின்னாலேயே நிஜ மலை இருக்கும்போது எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. போட்டால் போடுங்கள், ஆனால் அந்தப் படத்தைப் பாக்கியத்தால் தொட முடியாது.

எனாமல் வேண்டாம், இந்த ஈரத்தில் இரண்டு நாள் காயாது. தண்ணீரில் கரையும் எமல்ஷன் போதும். துணியை இறுக்க மைதாப் பசை காய்ச்சினால் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுங்கள், பூச்சியும் வராது, பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்காது. காய்ச்சியதும் கையைக் கழுவுங்கள், அது விஷம்.

நாடகம் முடிந்ததும் தட்டிகளைத் தரையில் அடுக்காதீர்கள். இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் நிறுத்தி, நடுவே காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஆணித் தட்டியை மட்டும் கடைசியில் வையுங்கள், ஆணி அடுத்த துணியைக் கிழித்துவிடும். பிடுங்கிவிடலாமே என்று ஆசாரி அண்ணனிடம் சொன்னேன். சுத்தியலைக் கையில் எடுத்தார், பார்த்தார், அப்புறம் தன் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு மற்ற தட்டிகளைத் தூக்கப் போனார்.